கற்பனைப் பரப்பைக் குத்தும் கொட்டகை

ஆர்விட் டோலஃப்சனின் மாட்டுக் கொட்டகை ஆகாயத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது என்ற சேதியை, பனி உருகி வயலெல்லாம் சேறாய்க் கிடந்த ஒரு காலையில், ஆரஞ்சுச் சட்டை போட்ட ஓர் ஆள்தான் வந்து சொன்னான்.

அவன் முக்காலியை நட்டு, அதன் தலையில் அளவெடுக்கிற கருவி ஒன்றை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பால் கறந்து முடித்த ஆர்விட் கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் நின்று தானும் பார்த்தார். கூரை இருந்தது. கூரைக்கு மேலே வானம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தகராறு ஏதும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"உங்க கொட்டகை பரப்பைக் குத்திக்கிட்டு நிக்குதுங்க," என்றான் அவன்.

"எந்தப் பரப்பை?"

"கற்பனைப் பரப்பை."

அவன் குடிக்கவில்லை என்பதை ஆர்விட் மூக்கால் உறுதி செய்துகொண்டார். பிறகு அவன் விளக்கினான். புதிதாக வரப்போகிற ஓடுபாதையின் நுனியிலிருந்து ஒரு பெரிய பலகை சாய்வாக வானத்தில் ஏறிப்போவதாக நினைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பலகைக்கு மேலே மரமோ கூரையோ எதுவும் தலை நீட்டக் கூடாதாம். இது அவன் கட்டிய கதை இல்லை. சட்டத்திலேயே அதற்குப் பெயர் கற்பனைப் பரப்புதான். ஆர்விட்டின் கொட்டகை ஓர் ஆள் உயரத்துக்கு அதைத் தாண்டித் தலை நீட்டுகிறது.

ஓடுபாதை எங்கே என்று கேட்டார் ஆர்விட். இன்னும் போடவில்லை. அதில் இறங்கப்போகிற ஜெட் விமானம்? இன்னும் எந்தக் கம்பெனியும் வருவதாகச் சொல்லவில்லை. பரப்பு கற்பனை, பாதை வரவில்லை, விமானம் வரவில்லை, இதில் நிஜமாக நிற்பது என் கொட்டகை ஒன்றுதானே என்றார்.

"அதுதாங்க பிரச்சினை," என்றான் அவன். முக்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டான்.

கூரையில் ஓர் ஆள் உயரத்தை வெட்டினால் வைக்கோல் பரண் போய்விடும். பரண் போனால் குளிர்காலத் தீனியை வைக்க இடமில்லை. தீனி இல்லையென்றால் மாடுகளை விற்க வேண்டும். மாடுகளை விற்றுவிட்டால் ஆர்விட் விடிகாலையில் எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து மனைவி ஆர்டிஸுடன் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பழக்கம் இரண்டு பேருக்கும் இல்லை. ஆகவே விஷயம் கூரையோடு நிற்பதில்லை.

இதில் அவரை உறுத்திய சமாச்சாரம் இன்னொன்று. இந்த ஓடுபாதைக்குக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஊரான நோர்ஹைமில் விமான நிலையம் ஏற்கெனவே இருந்தது. வயலுக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஒன்று அங்கே நிற்கும். அதைத் தவிர ஒன்பது பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்று அரசாங்கச் செலவில் மினியாபொலிஸுக்குப் போய் வரும். அதில் பெரும்பாலும் ஒரு பல் டாக்டரும், எங்காவது சாவுக்குப் போகிற ஒருவரும், மாட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் இருப்பார்கள். பெட்டிக்கு ஜன்னல் சீட் கிடைக்கும்.

இது போதாது என்று முடிவு செய்தது விமான நிலைய ஆணையம். ஆணையத்தின் தலைவர் கோர்டன் பிரெஸ்டேகார்ட், ஊரில் டிராக்டர் விற்கிறவர். ஆர்விட்டும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கோர்டனுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்றும் விளையாத நிலம் ஒன்று உண்டு. பெரிய விமான நிலையம் வந்தால் அங்கே பெரிய ஓட்டல் வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஊரின் எதிர்காலத்தைப் பற்றி அவர் கவலைப்பட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

திட்டம் போட டென்வரிலிருந்து டெனிஸ் விட்கோம்ப் என்ற ஆலோசகர் வந்தார். சுறுசுறுப்பான பெண்மணி. நின்றபடியே சாப்பிடுவார். மக்கள் கருத்தைக் கேட்க மூன்று கூட்டம் நடத்த வேண்டும் என்பது சட்டம். மூன்றும் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தன. காப்பி அங்கேதான் நன்றாக இருக்கும்.

முதல் கூட்டத்தில் டெனிஸ் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று இறங்கிக்கொண்டே போனது. அது நோர்ஹைமின் ஜனத்தொகை. இன்னொன்று ஏறிக்கொண்டே போனது. அது வருங்கால விமானப் பயணிகள். ஆள் குறையக் குறையப் பயணி எப்படி ஏறும் என்று காப்பிக்கடை லவோன் கேட்டாள். டெனிஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல கேள்வி என்றார்.

"உங்க ஊரை விட்டுப் போறவங்க வருஷா வருஷம் அதிகமாயிட்டே இருக்காங்க. இப்ப அவங்க எல்லாம் கார்ல போறாங்க. நல்ல விமான நிலையம் இருந்தா விமானத்துல போவாங்க. ஊர் எவ்வளவு வேகமா காலியாகுதோ, நமக்கு அவ்வளவு வளர்ச்சி."

இதைக் கேட்டு எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்த படத்தில், விமானத்தில் வருகிறவர் செலவழிக்கிற ஒரு டாலர் ஊருக்குள் ஏழு கை மாறும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். என் கடையில் ஒரு டாலர் வந்தால் அது மின்சாரக் கம்பெனிக்குத்தான் போகிறது, ஒரு கை மாறினாலே பெரிசு என்றாள் லவோன். அது நிஜ டாலர், இது திட்ட டாலர் என்று டெனிஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு, பெரிய ஓடுபாதை வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றது சபை. இருப்பதே போதும்.

இரண்டாவது கூட்டத்தில் மறுபடி கேட்டார். வேண்டாம்மா, உங்களுக்கு எதற்கு வீண் சிரமம் என்றார்கள்.

அந்தப் பக்கத்து மனிதர்களின் சுபாவம் அது. யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவையும் ஒருவர் கேட்டுவிட்டால், அதற்கு மேலும் மறுப்பது அவர் முகத்தில் அடிப்பது மாதிரி. பசியோடு வந்தவனும் இரண்டு தடவை மறுப்பான், வயிறு முட்டத் தின்றவனும் மூன்றாம் தடவை தட்டை நீட்டுவான். பிள்ளைகளுக்கு நடை பழக்குவதற்கு முன்னால் இதைப் பழக்கிவிடுவார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் டெனிஸ் சட்டப்படி மூன்றாவது தடவை கேட்டார். சபை நெளிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஆர்விட் டோலஃப்சன்தான் எல்லாருக்குமாகச் சொன்னார்.

"சரிம்மா, இவ்வளவு தூரம் சொல்றீங்க. கொஞ்சமா போடுங்க."

எல்லாரும் நிம்மதியாகக் கை தூக்கினார்கள். ஏகமனதான ஆதரவு என்று எழுதிக்கொண்டு டெனிஸ் டென்வருக்குப் போனார்.

ஆரஞ்சுச் சட்டைக்காரன் வந்துபோன மறுநாள் ஆர்விட் ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார். அது டிராக்டர் கடையின் பின்னறை. கோர்டன் எழுந்து வந்து கை குலுக்கினார். கொட்டகையைப் பற்றி அவருக்கும் வருத்தம்தான் என்றார். வழி இல்லாமல் போகாது, யோசிப்போம் என்றார். யோசித்து, கூரையை வெட்டுவதற்குப் பதிலாகக் கொட்டகையை மொத்தமாகப் பூமிக்குள் இறக்கிவிடலாமே என்றார். ஒரு பள்ளம் தோண்டினால் முடிந்தது.

தோண்டலாமா என்று பார்க்கச் சுற்றுச்சூழல் நிபுணர் ஒருவர் வந்தார். அங்கே ஓர் ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்துவிடும், தண்ணீர் வந்தால் அது சட்டப்படி சதுப்பு நிலம், சதுப்பு நிலத்தில் மாடு கட்டுவது குற்றம் என்று எழுதிக்கொடுத்தார். ஆர்விட் அதைப் படித்துவிட்டு, தண்ணீருக்குள் மாடு நிற்காது, எனக்கே தெரியும் என்றார். அதை அறிவியல் முறையில் உறுதிப்படுத்தத்தான் ஆறு வாரம் ஆயிற்று என்றார் நிபுணர்.

முடிவு வரும்வரை தற்காலிக ஏற்பாடாகக் கொட்டகையின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கை மாட்டினார்கள். இன்னும் வராத விமானங்கள் இருட்டில் வந்து மோதிவிடக் கூடாது என்பதற்காக. பொழுது இறங்கியதும் அது தானாகவே எரியும், தானாகவே அணைந்து அணைந்து மின்னும். அந்த மாவட்டத்தில் போக்குவரத்து விளக்கு என்று எதுவும் கிடையாது. சாலையில் போகிறவர்கள் தூரத்தில் சிவப்பைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார்கள். பச்சை வருமா என்று கொஞ்சநேரம் காத்திருந்தார்கள். வராததால் இறங்கி வந்து ஆர்விட்டை நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆர்டிஸ் அந்தக் கோடையில் போட்ட காப்பிக்கு அளவே இல்லை.

நடுவில் குட்டைக் கதை ஒன்று நடந்தது. ஓடுபாதை நீளப்போகிற இடத்தில் பழைய குட்டை ஒன்று இருந்தது. ஒரு குட்டையை மூடினால் இன்னொரு குட்டையை வெட்டித் தர வேண்டும் என்பது சட்டம். குட்டை வெட்டுகிற பணம் முதலில் வந்துவிட்டது, மூடுகிற பணம் வரவில்லை. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் தரமாட்டார்கள் என்று ஓடுபாதையின் மறுநுனியில் பெரிய குட்டை ஒன்றை வெட்டிவிட்டார்கள். பழையது அப்படியே இருந்தது. இலையுதிர்காலத்தில் கனடாவிலிருந்து தெற்கே போகிற காட்டு வாத்துகள் மேலே இருந்து பார்த்தன. ஒன்று இருந்த இடத்தில் இரண்டு. இறங்கிவிட்டன. காலையில் ஒரு குட்டையிலும் மாலையில் இன்னொன்றிலுமாக, ஓடுபாதைக்குக் குறுக்கே கத்திக்கொண்டு போய் வந்தன.

வாத்து மோதினால் விமானம் விழும். வாத்தை விரட்ட நாய் வைத்திருக்கும் ஓர் ஆளை நல்ல சம்பளத்தில் எடுத்தார்கள். அவனுக்கு வனவிலங்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். நாய்க்கு வேலை மட்டும்தான். டெனிஸ் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஆணையத்தின் கூட்டத்தில் எழுந்து, நம்பிக்கை இழக்கக் கூடாது என்று பேசினார்.

"போன வருஷத்தோட பாத்தா இந்த நிலையத்துல வந்து இறங்கற போக்குவரத்து நாலு மடங்கு ஏறியிருக்கு. அதுல பெரும்பகுதி வாத்துதான், நான் மறைக்கல. ஆனா வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு இந்த இடம் பிடிச்சிருக்குங்கறது நிரூபணமாயிடுச்சு இல்லையா?"

கைதட்டல் கிடைத்தது.

ஆனால் ஓடுபாதைக்குப் பணம் வர வேண்டுமென்றால் வாத்து போதாது, மனிதர்கள் வேண்டும். ஒரு வருஷத்தில் பத்தாயிரம் பேர் அந்த நிலையத்தில் விமானம் ஏறிவிட்டால் மத்திய அரசு பெரும் பணம் கொடுக்கும். பணம் வந்தால் பாதை வரும், பாதை வந்தால் கொட்டகையின் தலை போகும். ஏறவில்லையென்றால் ஒன்றும் வராது, கொட்டகை பிழைக்கும். ஆர்விட்டுக்கு இவ்வளவும் லவோன் கடையில் வைத்துப் புரிந்தது. நோர்ஹைமில் மொத்தமாகவே அவ்வளவு ஜனம் கிடையாது. அவர் நிம்மதியாக இன்னொரு காப்பி வாங்கிக் குடித்தார்.

டெனிஸ் விதியை மறுபடி படித்துப் பார்த்தார். ஏற வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. எங்கேயாவது போக வேண்டும் என்று போடவில்லை.

அறுவடை முடிந்ததும் ஆரம்பித்தார்கள். டிக்கெட் ஒரு டாலர். சின்ன விமானம் ஒன்பது பேரோடு கிளம்பும், தானியக் களஞ்சியத்தையும் தேவாலயத்தையும் ஒரு சுற்று சுற்றும், கிளம்பிய இடத்திலேயே இறங்கும். இறங்கினதும் காப்பி. உடனே அடுத்த ஒன்பது பேர். முதல் வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அப்புறம் முதியோர் இல்லம், அப்புறம் பந்து உருட்டும் சங்கம். பாதிரியார் மட்டும் ஒரே நாளில் பதினொரு தடவை ஏறினார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பரலோகத்தைப் பற்றி முன்னைவிட விவரமாகப் பேசினார்.

வாஷிங்டனில் யாரோ ஒருவர் பயணிகள் பட்டியலில் பதினொரு பாதிரியார்களைப் பார்த்துவிட்டார். ஓர் ஆள் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறலாம் என்று உத்தரவு வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்றார் கோர்டன். மாவட்டத்தில் இருக்கிற எல்லாரும் தினமும் ஒரு தடவை ஏறினால் போதும். பல் தேய்க்கிற மாதிரி.

ஆர்விட் ஏறவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. கொட்டகை விஷயம் ஊருக்கே தெரியும். ஆனால் டிசம்பரில் ஒரு நாள் ஆர்டிஸ் கன்னம் சிவக்க, தலைமுடி கலைந்து வீட்டுக்கு வந்தாள். காற்று ஜாஸ்தியா என்று கேட்டார் ஆர்விட். மேலே ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீயுமா?"

"தேவாலயத்துப் பொம்பளைங்க எல்லாரும் போனாங்க. நான் வேண்டாம்னேன். ரெண்டு தடவை வேண்டாம்னேன், ஆர்விட்."

"மூணாவது தடவை கேட்டுட்டாங்களா?"

"கேட்டுட்டாங்க."

அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கொஞ்சநேரம் கழித்து, மேலே இருந்து பார்த்தால் நம் கொட்டகை எப்படி இருக்கிறது என்று கேட்டார். சின்னதாக, சிவப்பாக, யாரையும் எதையும் குத்துகிற மாதிரி இல்லாமல் இருக்கிறது என்றாள். பிறகு தினமும் போனாள். ஒரு தடவை போனவள் மறுநாள் போகாவிட்டால் என்ன நினைப்பார்கள்.

வருஷத்தின் கடைசி நாள் வந்தது. மாலை இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். புது விளக்குகள் வருகின்றன என்று ஓடுபாதையின் பழைய விளக்குகளைக் கோடையிலேயே பிடுங்கிவிட்டிருந்தார்கள். புதியவை வரவில்லை. விடிந்ததிலிருந்து விமானம் ஏறி இறங்கியது. பகல் உணவுக்குள் மாவட்டத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஏறியாயிற்று. நடக்க முடியாதவர்களைத் தூக்கி ஏற்றியாயிற்று. கோர்டன் ஏறினார், டெனிஸ் ஏறினார், நாய்க்காரன் ஏறினான். நாயை எண்ண முடியுமா என்று டெனிஸ் வாஷிங்டனுக்குப் போன் போட்டுக் கேட்டார். முடியாதாம். கூட்டிப் பார்த்தார்கள். ஒரே ஓர் ஆள் குறைந்தது.

ஆர்விட் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கோர்டனின் கார் பனியில் சறுக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தது. சூரியன் கொட்டகைக்கு மேலே இன்னும் இரண்டு முழம் இருந்தது.

கோர்டன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் வந்தார். எவ்வளவு அவசரமானாலும் அந்த ஊரில் பூட்ஸோடு உள்ளே வருகிறவன் கிடையாது. நின்றுகொண்டே சொன்னார்.

"ஆர்விட், ஒரே ஒரு சுத்து. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தா போதும். வாப்பா."

"வேண்டாம் கோர்டன்."

"ஊருக்காகக் கேக்கறேன். வாப்பா."

"வேண்டாம் கோர்டன். உனக்கு எதுக்குச் சிரமம்."

அடுத்தது எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கோர்டன் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தார். அவர் இழுத்து முடிப்பதற்குள், அதுவரை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்த ஆர்டிஸ் கெண்டியோடு திரும்பினாள்.

"கோர்டன், காப்பி?"

கோர்டன் மூச்சை விட்டார். வீட்டுக்காரி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தன் காரியத்தைப் பேசுகிற பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. வேண்டாம் ஆர்டிஸ், அவசரமாகப் போக வேண்டும் என்றார். கொஞ்சம்தான் என்றாள். இல்லை, உனக்கு எதற்கு வீண் வேலை என்றார். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. மூன்றாவது தடவை கேட்காதே என்று அந்தக் கண் கெஞ்சியது.

"போட்டாச்சே கோர்டன்," என்றாள் ஆர்டிஸ்.

கோர்டன் தொப்பியைக் கழற்றினார். "சரி, அப்ப அரைக் கோப்பை," என்று உட்கார்ந்தார்.

அரைக் கோப்பை என்றால் முழுக் கோப்பை. ஆர்டிஸ் காப்பியோடு எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அது நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் தின்ன முடியாது. சொன்னால் இன்னொன்று வைப்பாள். பேச்சு கோர்டனுடைய அம்மாவின் இடுப்பு எலும்புக்குப் போனது, சாலைப் பனிக்குப் போனது, சோயா விலைக்குப் போனது. கோர்டனின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. டெனிஸ்தான். சாப்பாட்டு மேசையில் போனை எடுக்கிறவர் இல்லை கோர்டன்.

கடைசியில் தட்டில் ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை முழுதாக எடுப்பது அங்கே திருட்டுக்குச் சமம். ஆர்விட் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். கோர்டன் மிச்சத்தில் பாதியை எடுத்தார். ஆர்டிஸ் அதிலும் பாதி. துண்டு கட்டை விரலளவு ஆயிற்று, பொத்தானளவு ஆயிற்று, பருப்பளவு ஆயிற்று. தீரவில்லை. தட்டில் மிச்சம் இருக்கும்போது எழுந்திருப்பது எப்படி? ஆர்விட் மிக நிதானமாக, கத்தி நுனியால், அந்தத் துணுக்கையும் இரண்டாக்கினார்.

கோர்டன் ஒருவழியாகத் தொடையைத் தட்டி, சரி அப்ப, என்றார். கிளம்புகிறார் என்று அர்த்தம். எழுந்து கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். கதவுக் கைப்பிடியைப் பிடித்ததும்தான் அந்த ஊரில் பேச்சே ஆரம்பமாகும். ஆர்டிஸ் அவர் மருமகள் பிரசவத்தைக் கேட்டாள். ஆர்விட் டிராக்டர் கியரைப் பற்றிக் கேட்டார். டிராக்டர் விற்கிறவனிடம் அதைக் கேட்டால் அவன் பாதியில் நிறுத்த முடியாது. வாசல்வரை வந்தார்கள். கார்வரை வந்தார்கள். அவர் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார், இவர்கள் குனிந்து நின்றார்கள். அங்கே ஒரு தவணை பேச்சு நடந்தது. போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை கோர்டன் எடுத்து, கிளம்பிட்டோம், வந்துட்டே இருக்கோம் என்றார்.

அப்போதுதான் அவருக்கு எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்தது.

"ஆர்விட்," என்றார். மூன்றாவது தடவை. "வர்றியாப்பா?"

ஆர்விட் நிமிர்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சரி கோர்டன், இவ்வளவு கூப்பிடறே. வர்றேன். கோட்டைப் போட்டுக்கட்டுமா?"

கோர்டனின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தின் மேல் சிவப்பாக ஒன்று விழுந்தது, போயிற்று, மறுபடி விழுந்தது. அவர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். கொட்டகை உச்சியில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. பொழுது இறங்கிவிட்டது.

கோர்டன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"இன்னொரு கோப்பை காப்பி?" என்றாள் ஆர்டிஸ்.

"வேண்டாம் ஆர்டிஸ்," என்றார் கோர்டன். குரலில் ஜீவன் இல்லை. அவள் அதோடு விட்டுவிட்டாள். இரக்கக் குணம் உள்ளவள்.

பணம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய மட்டும் கொஞ்சம் பணம் வந்தது. அதை வைத்துக்கொண்டு டெனிஸ் மார்ச்சில் மறுபடி வந்தார். இந்த வருஷமும் முயற்சி செய்யலாமா என்று மக்களைக் கேட்க வேண்டும். அதே கீழ்த்தளம், அதே நாற்காலிகள். முதல் கூட்டத்தில் கேட்டார். வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரம் இரண்டாவது கூட்டம். ஆர்விட் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டெனிஸ் கேட்டார். வேண்டாம்மா, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றது சபை.

பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். இன்னொரு கூட்டம், அதில் அந்தக் கேள்வி, அப்புறம் கை தூக்க வேண்டும். வேறு வழி கிடையாது. ஆர்விட் தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

டெனிஸ் கணினியை மூடிப் பைக்குள் வைத்தார்.

கோர்டன் பதறி எழுந்தார். "இன்னொரு கூட்டம் இருக்கு இல்லம்மா? இன்னொரு தடவை கேளுங்க. கேட்டுப் பாருங்க."

"புதுத் திட்டத்துக்குத்தான் மூணு கூட்டம். பழைய திட்டத்தைத் திருத்தறதுக்கு ரெண்டுதான் சட்டம்," என்றார் டெனிஸ். "ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டாங்க. தெளிவாத்தானே சொன்னாங்க. மக்கள் கருத்துக்கு மரியாதை கொடுக்கணும் இல்லையா?"

கோர்டன் உட்கார்ந்துவிட்டார். நோர்ஹைமில் பிறந்த எவரும் இரண்டு தடவை வேண்டாம் என்றதை நிஜமான மறுப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. சபைக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வது என்றே தெரியவில்லை.

கொட்டகை உச்சியிலுள்ள விளக்கைக் கழற்ற யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது இன்றைக்கும் மின்னுகிறது. கார்கள் இன்றைக்கும் நிற்கின்றன. வாத்துகளுக்கு இரண்டு குட்டையும் இருக்கின்றன. டெனிஸ் தன் அறிக்கையில், இந்தப் பகுதி மக்கள் உறுதியான மனம் படைத்தவர்கள் என்று எழுதினாராம்.

அன்றைக்கு டெனிஸ் பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனபோது, காப்பிக் கெண்டி இருந்த மேசைக்குப் பக்கத்தில் ஆர்விட் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"காப்பி சாப்பிட்டுட்டுப் போங்கம்மா," என்றார்.

"வேண்டாம், நன்றி," என்றார் டெனிஸ்.

"அரைக் கோப்பையாவது."

"வேண்டாம். டென்வர் ரொம்ப தூரம்."

சபை திரும்பிப் பார்த்தது. லவோன் கெண்டியைத் தூக்கிக் கோப்பைக்கு மேல் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆர்விட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, டெனிஸுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.